இல்லறச் சொற்பொழிவாளர் வீட்டுக்கு வந்த கதை

1

இல்லறத்தின் மேன்மையைப் பற்றி மலாக்காவில் நான் இதுவரை இருபத்து மூன்று சொற்பொழிவுகள் செய்திருக்கிறேன். அவற்றில் இருபத்திரண்டு, என் மனைவி மன்னார்குடிக்குத் தெற்கே தன் தமையன் வீட்டில் இருந்தபோது செய்தவை. இருபத்து மூன்றாவதை அவள் இங்கே வந்த பிறகு செய்தேன். அதோடு பேச்சு நின்றுபோயிற்று. ஏன் நின்றது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பத்திராதிபர் அவர்கள், "கடல் கடந்த வாழ்க்கையைப் பற்றி நம் வாசகர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதும்" என்று கடிதம் போட்டிருந்தார். ரப்பரைப் பற்றியும் ஈயத்தைப் பற்றியும் எழுத நான் ஆள் இல்லை. ஊருக்குள் ஒரு ராவுத்தர் கடையில் ஜவுளி அளந்து கிழிப்பவன் நான். பள்ளிக்கூடம் போனது மூன்று வருஷம். மற்றதெல்லாம் பொட்டலம் கட்டிவரும் காகிதத்தைப் படித்தும், வாடிக்கைக்காரர்கள் வாயைக் கிளறியும் சேர்த்துக்கொண்டது. மனிதர்கள் பேசுவதைக் கேட்பதென்றால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். அந்தப் பைத்தியம்தான் என்னைச் சொற்பொழிவாளனாக்கியது.

என் மனைவியும் மகளும் இந்த மண்ணில் கால் வைத்து, போன வாரத்தோடு ஒரு வருஷம் நிறைந்தது. ரப்பரை விட்டுவிட்டு அதையே எழுதிவிடுகிறேன்.

2

நம் பக்கத்து ஆண்கள் இங்கே எப்படி இருக்கிறார்கள் என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆறு பேருக்கு ஓர் அறை, ஒரு குடம், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. சாப்பாடு கடையில். நோய் வந்தால் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவன்தான் தாய். பெண்டாட்டி பிள்ளைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறைக்குள்ளிருந்து வருவார்கள்.

இதைப் பார்த்து மனம் நொந்துதான், நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் ஒரு மாடி அறையில் இல்லற முன்னேற்றச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தோம். குடும்பத்தோடு வாழ்வதன் மதிப்பை ஆராய்ந்து, அதை ஆதாரத்தோடு ஒரு சிறு புத்தகமாக அச்சடித்து, ஆண்கள் கையில் கொடுத்து, "போய்க் குடும்பத்தை அழைத்து வா" என்று சொல்வது எங்கள் நோக்கம். பதினொரு பேர் வீட்டிலும் குடும்பம் கிடையாது. அதனால் கூட்டத்துக்கு எல்லாரும் தவறாமல் வருவார்கள்.

சிங்காரம் என்று ஒருவர் காரியதரிசி. தோட்டக் கம்பெனி ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆராய்ச்சி என்றால் கேள்வித்தாள் வேண்டும் என்று அவர்தான் சொன்னார். முப்பத்தொரு கேள்விகள் தயாரித்தோம். வீட்டில் எத்தனை பேர் சேர்ந்து உண்கிறீர்கள்? முதலில் உண்பவர் யார்? தகப்பன் பிள்ளைகளோடு ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுகிறார்? இப்படி. வாயுள்ளவன் என்று அந்தக் கேள்விகளை என் தலையில் கட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டும் பென்சிலுமாக வீடு வீடாக ஏறினேன். எத்தனை பதில்கள்! ஒரு வண்டிக்காரர், "நான் எங்க பேசறது? என் சம்சாரம் பேசி முடிச்சாத்தானே என் முறை வரும்? கல்யாணமாகிப் பதினாலு வருசமாக் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து, "முறை வந்தா மட்டும் என்னத்தப் பேசிக் கிழிச்சுடுவாரு, கேளுங்க" என்றாள். இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் ஓரத்தில் எழுதினேன். பத்தே வீடுகளில் ஓரம் தீர்ந்துவிட்டது.

என் அறைக்கு அடுத்த சந்தில் செட்டிகள் குடியிருப்பு. நம் நகரத்தார் அல்லர். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்து, வீடு கட்டித் தங்கிவிட்டவர்களின் வம்சம். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தமிழ் பத்துச் சொல் தெரிந்தால் அதிகம். அங்கே மீனாட்சி என்று ஓர் அம்மாள். மக் மீனாச்சி என்று தெருவே கூப்பிடும். மக் என்றால் அம்மா. நோட்டைத் தூக்கிக்கொண்டு திரிவதால் எனக்கு அவள் சேகு என்று பேர் வைத்திருந்தாள். சேகு என்றால் வாத்தியார். என் மலாய் அவளுக்கு வேடிக்கை. நான் வாயைத் திறக்கும்போதே சிரிக்கத் தயாராகிவிடுவாள். அவள் மலாயில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

3

போகியன்று மத்தியானம் அவள் வீட்டுக் கேள்விகளை முடித்துவிடலாம் என்று போனேன். உள்கூடத்தில் வரிசையாக வாழையிலை போட்டுச் சோறும் மிளகாய் அரைத்த சம்பாலும் மீனும் பலகாரமுமாக நிறைத்திருந்தார்கள். ஓர் இலையின் ஓரத்தில் சுருட்டு. இன்னோர் இலையில் வேறு ஒன்றும் அதிகமில்லை, இனிப்பு மட்டும் குவியல். நல்ல சமயத்தில் வந்தோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். சேர்ந்து உண்ணும் குடும்பத்தைக் கண்ணால் பார்த்து எழுதும் பாக்கியம் எத்தனை ஆராய்ச்சிக்காரருக்குக் கிடைக்கும்?

இலைகளை எண்ணினேன். ஒன்பது. "சேர்ந்து உண்பவர் ஒன்பது பேர்" என்று எழுதிக்கொண்டேன்.

"முதல் இலை யாருக்கு?" என்று கேட்டேன்.

"மாமனாருக்கு. சுருட்டு இல்லாட்டி கையை வைக்கமாட்டாரு."

"வயது?"

"அறுபத்தெட்டு."

"இனிப்பு இலை?"

"நாத்தனாருக்கு. பத்தொம்பது வயசு. சோறே வேணாம், பலகாரம் போதும் அவளுக்கு."

இப்படி ஒன்பது பேருக்கும் பேரும் வயதும் வாங்கி, குடும்பத்தாரின் ருசி வேற்றுமைகள் என்று ஒரு தலைப்புப் போட்டு எழுதினேன். அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். வீட்டிலிருந்த மற்றவர்கள் எல்லாரும் சுவரோரம் ஒதுங்கிக் கைகட்டி நின்றார்கள். வெகுநேரமாகியும் இலையில் யாரும் உட்காரவில்லை.

"ஏன் எல்லாரும் நிற்கிறார்கள்? சோறு ஆறிப்போகிறதே. எப்போது சாப்பிடுவார்கள்?" என்றேன்.

"சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்காங்க, சேகு. சத்தம் போடாத" என்றாள்.

ஒன்பது பேரும் காலமானவர்கள்! போகிக்கு முன்னோரை அழைத்து, அவரவருக்குப் பிடித்ததைப் படைத்து, அவர்கள் உண்ணும்வரை உயிரோடிருப்பவர்கள் ஒதுங்கி நிற்பது அந்தச் செட்டிகளின் வழக்கம். பர்ச்சு என்பார்கள். நான் அந்த நாத்தனாருக்குப் பத்தொன்பது வயது என்று எழுதி, "மணமாகவில்லை" என்று பக்கத்தில் குறிப்பு வேறு போட்டிருந்தேன்.

விஷயம் புரிந்து நான் ரப்பரால் அழிப்பதைப் பார்த்ததும் அந்த வீடே விழுந்து விழுந்து சிரித்தது. முன்னோர்களும் சிரித்திருப்பார்கள். மக் மீனாச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லார் வீட்டுலயும் கேக்கறியே, உன் வீட்டுல எத்தன பேரு சேகு?" என்றாள்.

"மனைவி, ஒரு மகள்."

"எங்க?"

"ஊரில்."

"நீ எப்ப கடைசியாப் போய் அவங்களோட சாப்பிட்ட?"

விரல்விட்டுப் பார்த்தேன். நான் கப்பலேறியபோது குழந்தைக்கு எட்டு மாதம். அப்புறம் நடுவில் ஒருமுறை போய் நாற்பது நாள் இருந்தேன். அதற்கே எட்டு வருஷம் ஆகப்போகிறது. சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஆடோய்!" என்று அங்கலாய்த்து இலைகளைக் காட்டினாள். "இவங்கள்லாம் செத்தவங்க. வருசம் தவறாம வீட்டுக்கு வர்றாங்க. உனக்கு என்ன கேடு?"

முப்பத்தொரு கேள்விகள் தயாரித்த நான் அந்த ஒரு கேள்வியோடு நோட்டை மூடிக்கொண்டு கிளம்பினேன். திரும்பி வந்து, என்ன தோன்றியதோ, என் வீட்டுக்கே ஒரு கேள்வித்தாளை எடுத்து நிரப்ப உட்கார்ந்தேன். முதல் கட்டத்திலேயே பென்சில் நின்றுவிட்டது.

4

மறுநாளே ஊருக்குக் கடிதம் போட்டேன். இருவரும் புறப்பட்டு வாருங்கள், காஜா பெராங்கிலேயே வீடு பார்க்கிறேன் என்று நான்கு பக்கம். மனைவி தனபாக்கியத்திடமிருந்து நாலு வரி வந்தது: "வருகிறோம். கமலத்துக்குத் தங்கள் முகம் நினைவில் இல்லை. படம் ஒன்று அனுப்பவும். கப்பல் விட்டு இறங்கினால் அடையாளம் தெரிய வேண்டுமல்லவா."

வந்த புதிதில் கடையில் எடுத்த படம் ஒன்றுதான் இருந்தது. அதை அனுப்பினேன். அதில் எனக்குத் தலை நிறைய முடி.

ராவுத்தரிடம் லீவு கேட்டேன். "எதுக்கு?" என்றார். பெண்டாட்டியும் மகளும் வருகிறார்கள் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, இத்தன வருசமா குடும்பம் குடும்பம்னு ஊரெல்லாம் பேசிக்கிட்டுத் திரியுற. ஒனக்கு ஒண்ணு இருக்குங்கறத இன்னிக்குத்தானே சொல்ற!"

போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பலின் டெக் பயணிகளை நேரே விடமாட்டார்கள். குவாரண்டைன் முகாமில் நாள் கணக்காக வைத்திருந்து, அம்மை பேதி இல்லை என்று கண்ட பிறகுதான் விடுவார்கள். நான் போய்ச் சேர்ந்த அன்று வாசலில் ஒரு கிராணி பெரிய பேரேடு ஒன்றைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம் தமிழர்தான், வெயிலில் வெந்துபோயிருந்தார்.

"யாரைக் கூட்டிட்டுப் போகணும்?"

"மனைவியையும் மகளையும்."

"மனைவி பேர்?"

"தனபாக்கியம்."

"மகள் பேர்?"

"கமலம்."

"வயசு?"

"பத்து" என்றேன்.

பேனா நின்றது. பேரேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்த ஊரு உனக்கு?"

சொன்னேன். "மறுபடி சொல்லு, பொண்ணுக்கு என்ன வயசு?"

அவர் முகத்தைப் பார்த்துப் பயந்து, "ஒன்பது" என்றேன்.

"இங்க பன்னண்டுன்னு இருக்கு. நீ கேக்கக் கேக்கக் குறைச்சுக்கிட்டே போற! யாரு வீட்டுப் பொண்ண ஓட்டிக்கிட்டுப் போக வந்திருக்க?"

நான் அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து சங்கத்தின் அச்சிட்ட சீட்டை எடுத்து நீட்டினேன். "இல்லறச் சொற்பொழிவாளர்" என்று என் பேருக்குக் கீழே இருந்தது. அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், உள்ளே ஆள் அனுப்பி அவர்களை வரவழைத்தார்.

தனபாக்கியம் இளைத்து, கறுத்து, தலையில் ஓரிரு நரையோடு வந்தாள். பின்னால் என்னுடைய மூக்கை வைத்துக்கொண்டு ஒரு நெட்டைப் பெண். கையில் என் படம். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். படத்தின் பக்கம்தான் அவளுக்கு நம்பிக்கை இருந்ததாகத் தெரிந்தது.

"இந்த ஆளு யாரும்மா?" என்றார் கிராணி. "பொண்ணு வயசே தெரியலையே இவருக்கு."

தனபாக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவருதாங்க" என்றாள். "வேற யாராச்சும் ஏமாத்த வந்திருந்தா, வயசைச் சரியா விசாரிச்சுக்கிட்டு வந்திருப்பாங்க."

5

ரயிலில் தம்பின் என்ற ஊர் வழியாக மலாக்கா வந்து குடித்தனம் வைத்தோம். இனி என் கவலையெல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். அடுத்த கூட்டத்தில் எனக்கு மாலை போட்டார்கள்.

கமலம் அருமையான பெண். அதுதான் சங்கடம். நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பாள். நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுப்பாள். மீனில் பெரிய துண்டு எனக்குத்தான். "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று உபசரிப்பாள். தாயிடம் பேசும்போது நான் அவளுக்கு "அவங்க". "அவங்க வந்துட்டாங்க", "அவங்களுக்குக் காப்பி". என் அடுத்த கப்பல் எப்போது என்று கேட்காததுதான் பாக்கி.

தாயோடு அவளுக்குத் தினம் ஒரு சண்டை. எண்ணெய் தேய்க்க, தலை பின்ன, பாத்திரம் கழுவ, எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நிற்பாள். மூன்றே மாதத்தில் மக் மீனாச்சியின் அடுப்படியில் மலாய் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டு மனிதரைப் பாப்பாக், அதாவது அப்பா, என்று கூப்பிட்டு, அவர் தாயத்தில் கள்ள ஆட்டம் ஆடினார் என்று காய்களைக் கவிழ்த்துவிட்டு வருவாள். வேலி வழியாக அவள் கத்துவது கேட்கும். எனக்கு வயிறு எரியும். அந்த ஆள் தன் வாழ்நாளில் ஒரு சொற்பொழிவாவது செய்திருப்பாரா?

என் நான்காவது சொற்பொழிவில் "பிள்ளைகளோடு உரையாடும் முறை" என்று ஒரு பகுதி உண்டு. அதை எடுத்துப் படித்துவிட்டு ஒரு நாள் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டேன். "கமலம், உனக்கு என்ன பூ பிடிக்கும்?"

கைகட்டி நின்றாள். "மல்லிகை."

"என்ன பலகாரம்?"

"அதிரசம்."

"இந்த ஊர் பிடித்திருக்கிறதா?"

"பிடிச்சிருக்கு, சார்" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தனபாக்கியம் உள்ளேயிருந்து சிரித்த சிரிப்பு மூன்று வீடு கேட்டிருக்கும். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவள் ஏன் என்னிடம் மட்டும் இப்படி இருக்கிறாள்? ஒரு தடவையாவது கோபப்படக் கூடாதா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட யாராவது கோவிச்சுக்குவாங்களா?" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாகக் குத்தியது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஏக்கம். என் மகள் என்னோடு ஒருநாள் சண்டை போடவேண்டும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்துப் பெண்ணை வரவழைத்தவன், அவள் மரியாதையாக இருக்கிறாளே என்று அழுதால் யார் கேட்பார்கள்?

6

இந்த மாதம் செட்டிகளின் மாரியம்மன் திருவிழா வந்தது. கமலம் இந்த ஒரு வருஷத்தில் என்னிடம் தானாக ஒன்று கேட்டது அன்றுதான். தூணைப் பிடித்துக்கொண்டு, "சாமி புறப்படறதப் பாக்கணும். கூட்டிக்கிட்டுப் போவீங்களா?" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தயாராக இரு என்றேன்.

அதே ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, சிங்காரம் என்னிடம் கேட்காமலே ஒரு சொற்பொழிவு வைத்து நோட்டீசும் ஒட்டிவிட்டார். இருபத்து மூன்றாவது. தலைப்பு, "தந்தையின் கடமை". "அண்ணே, குடும்பத்தோட இருக்கிற ஒரே ஆளு நீங்கதான். நீங்க பேசாட்டி யாரு பேசறது? அரைமணி நேரம் போதும்" என்றார்.

அரைமணி நேரம்தானே என்று போனேன். ஆனால் அன்று எனக்கு வாய் அமைந்துவிட்டது. பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைத் தகப்பன் காப்பாற்றவேண்டும் என்ற இடத்தில் கைத்தட்டல் அடங்கவே இல்லை. அந்த இடத்தை இன்னொரு முறை சொன்னேன். பிறகு கேள்விகள். பிறகு காப்பி. மேளச் சத்தம் தெருவைத் தாண்டிப் போவது காதில் விழுந்தபோதுதான் கமலம் நினைவுக்கு வந்தாள்.

ஓடினேன். விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. வாசற்படியில் கமலம் பட்டுப் பாவாடையோடு உட்கார்ந்திருந்தாள். தலையில் மல்லிகை வாடித் தொங்கியது.

"மக் மீனாச்சியோடு போயிருக்கலாமே?" என்றேன். மலாக்காவிலேயே பெரிய மடையன் கேட்கும் கேள்வி.

அவள் எழுந்தாள். மரியாதைக்காக எழுந்தது அல்ல.

"கூப்பிட்டாங்க! மூணு தடவ வந்து கூப்பிட்டாங்க! எங்கப்பா கூட்டிக்கிட்டுப் போறாங்கன்னு பெருமையாச் சொல்லி அனுப்பினேன்! போறவங்க வர்றவங்கல்லாம் கேக்கறாங்க, இன்னும் வரலையா, இன்னும் வரலையான்னு! சாமி திரும்பியே போயாச்சு! பொஹோங்! பொஹோங்! நீங்க சொல்றது எல்லாமே பொஹோங்!"

பொஹோங் என்றால் பொய். கடைத்தெருவில் வாடிக்கைக்காரர்கள் என்னைப் பலமுறை அப்படிச் சொன்னதுண்டு. இப்படிச் சுட்டதில்லை. கழற்றிய பூவை என் காலடியில் எறிந்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி விழுந்தது.

எனக்கு அவமானமாக இருந்தது. அழுகை வந்தது. அதோடு கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளே எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி அடக்க முடியவில்லை. தனபாக்கியம் கரண்டியோடு ஓடிவந்து, "புள்ள அந்த அழுவ அழுவுது, பல்ல இளிச்சுக்கிட்டு நிக்கிறீங்க! புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள்.

"சண்டை போட்டாள்" என்றேன். "என்னோடு சண்டை போட்டாள், பாக்கியம்."

அவள் கரண்டியைத் தாழ்த்தினாள். பிறகு, "மன்னிப்பு கேளுங்க. அதையும் மாடியில ஏறி நின்னு கேக்காம, கதவுகிட்டப் போய் மெதுவாக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

கேட்டேன். கதவு திறக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தாள், பேசவில்லை. காலையில் தண்ணீர்ச் செம்பு வரவில்லை. நாற்காலியை நானே துடைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுகிறேன், வாசலில் சிங்காரம் குரல். "பாப்பா, அப்பா இருக்காரா? நேத்துப் பேச்சு பிரமாதம்னு எல்லாரும் சொல்றாங்க. அடுத்த வாரமும் அதையே வச்சுக்கலாமான்னு கேக்கணும்."

நான் வெளியே வருவதற்குள் கமலம் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். "அப்பா வரமாட்டாங்க."

"ஏன், ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. வீட்டுல வேலை இருக்கு."

"அடுத்த வாரந்தானே, பாப்பா?"

"அடுத்த வாரமும் வேலை இருக்கு."

சிங்காரம் போய்விட்டார். நான் கதவுக்குப் பின்னால் சட்டையும் கையுமாக நின்றேன். எனக்கு வீட்டில் என்ன வேலை என்று தெரியவில்லை. கேட்கவும் பயம். இருந்தாலும் கேட்டேன்.

"தேங்கா துருவணும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். துருவல் பலகையைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

உட்கார்ந்தேன். வாழ்நாளில் நான் தேங்காய் துருவியதில்லை. முழு பலத்தோடு துருவினேன்.

"ஐயோ, அப்படி அழுத்தாதீங்கப்பா! ஓட்டையும் சேத்துச் சுரண்டறீங்க. கறுப்பா விழுது பாருங்க. இதுகூடத் தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

"தள்ளுங்க." மூடியை என் கையிலிருந்து பிடுங்கி, நாலு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். பூவாக விழுந்தது. எழுந்து எனக்கு இடம் விட்டு, மூடியை மறுபடியும் என் கையிலேயே கொடுத்துவிட்டு, நான் சரியாகச் செய்கிறேனா என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

இன்னொரு மூடியும் பாக்கி இருந்தது.